எட்டாம் எண் புட்டி

பிலடெல்பியாவில் பிப்ரவரி.
காகிதம் பழுதுபார்க்கும் அறைக்கு ஜன்னல் கிடையாது.
மேசையில் முப்பத்தொரு கடிதங்கள்,
இருநூற்றைம்பது வருடம் மடிந்தே கிடந்து
மடிப்பெல்லாம் வெடித்தவை.

எழுதியவர் ஹெஸகாயா டன்ஸ்டர், கேப் மே சதுப்பிலிருந்து.
தவளை, நாணல், நத்தை முட்டை
எதையும் எண்ணாமல் விடமாட்டார்.
வாங்கியவர் இதே ஊரில், ரேஸ் தெருவில்
மருந்துக்கடை வைத்திருந்த லோரென்ஸ் கெட்டர்லின்.
எதையும் எரிக்காமல் விடமாட்டார்.

முதலில் வந்தது ஒரு பன்றியின் நீர்ப்பை,
சேறு விட்ட குமிழ்களை அடைத்து.
"எலி கடித்துவிட்டது. நீர் அனுப்பியது
வெறும் தோல். இனிக் கண்ணாடி" என்று பதில்.
அப்புறம் புட்டிகள், தலைகீழாக.
கழுத்தில் ஒரு விரற்கடை தண்ணீர், தக்கை, மெழுகு;
வண்டிக்காரனுக்குத் தனியாக ஒரு சீட்டு:
இது சாராயமல்ல.

ஏழு கடிதம் வரை ஒரே கை.
வலப்பக்கம் சாய்ந்த எழுத்து, கையெழுத்தின் முடிவில்
வெள்ளரிக்கொடி மாதிரி சுருளும் வால்.
எட்டாவதிலும் அதே சாய்வு, அதே வால்.
மை மட்டும் வேறு,
சிவப்பாய் இருந்து பழுப்பாய்ப் போனது.
ஒரு வரியின் நடுவில், ஒற்றை எழுத்தின் மேல்
மிளகளவு மங்கிய மஞ்சள்.

கறை என்றுதான் குறித்துவைத்தேன்.
பிறகு கெட்டர்லினின் கணக்கேட்டில் பார்த்தேன்:
"மாசிக்காயும் அன்னபேதியும் இல்லை.
போக் செடியின் பழச்சாறு.
சுண்ணாம்பு நீர், ஒரு துளி. மஞ்சளாயிற்று.
டன்ஸ்டர் மை மாற்றுகிறவர் அல்ல."

மஞ்சள் நீரில் சுண்ணாம்பு விழுந்தால் சிவக்கும்.
ஆரத்தி கரைத்த எந்தக் கைக்கும் தெரியும்.
இங்கே அது திரும்பி நடந்திருக்கிறது:
சிவப்பில் சுண்ணாம்பு, மஞ்சள்.
வாசலில் யாரும் வந்து நிற்கவில்லை.
போய்விட்டார் ஒருவர் என்று
மூன்று நாள் வண்டிப்பயணத்துக்கு இப்பால்
ஒரு மனிதருக்குத் தெரிந்த நிறம்.

அவர் பதிலின் பிரதி இருக்கிறது. மேலே பெயர் இல்லை.
"எட்டாம் எண் புட்டி உடையாமல் வந்தது.
சுடர் நீலம். ஆறு நாடித்துடிப்பு நின்றது.
விடியலில் குமிழ் குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள்.
அவர் விடியலில் எழுந்தவரே இல்லை.
அந்த வாலை இனிப் போடவேண்டாம்.
அன்னபேதி ஒரு பொட்டலம் இத்துடன்."

மூலத்தில் இருவருக்கும் ஒரே சொல்.
'நீர்' இங்கே 'நீங்கள்' ஆனது
படிக்கிற என் வாய்க்குள்.

ஒன்பதாவது கடிதம் கறுப்பு மையில்.
நேர் எழுத்து. மெஹெட்டபெல் டன்ஸ்டர்.
"என் தம்பியின் குறிப்பேடு ஆகஸ்ட் ஒன்பதோடு நிற்கிறது.
பத்திலிருந்து நான் எழுதுகிறேன்."
அடுத்த வரியிலேயே நத்தை முட்டை.
அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் தம்பி இல்லை.
ஃப்ளாஜிஸ்டன் இருக்கிறது,
இல்லாத ஒன்றுக்கு இருவரும் சேர்ந்து வைத்த எடைக்கணக்கு
பக்கம் பக்கமாய்.

அந்தப் பொட்டலத்தில் அன்னபேதி தாராளம்.
அவளும் தாராளமாய்க் கலந்திருக்கிறாள்.
அதிகமான இரும்பு காகிதத்தைத் தின்னும்.
அவள் அழுத்தி எழுதிய இடமெல்லாம் இன்று துளை;
பெயரின் முதல் எழுத்து
அதே வடிவத்தில் உதிர்ந்து
உறையின் அடியில் கிடக்கிறது.
பழச்சாற்றில் எழுதிய பொய்க் கடிதத்துக்கு
ஒரு கீறல் இல்லை.

படிவத்தில் ஒரு கட்டம்: கறை நீக்கலாமா?
வேண்டாம் என்று எழுதினேன். காரணம் கேட்கிறது அடுத்த கட்டம்.
அதை அப்படியே விட்டுவிட்டு
மெல்லிய தாளில் பசை தடவி
இடுக்கியால் அந்த எழுத்தை எடுக்கிறேன்.
மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.
ஊதினால் போய்விடும்.